யூஸ்தெனோப்டெரான் என்பது என்ன மீன்? அதன் துடுப்பில் கை எலும்புகள் எப்படி வந்தன?

சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து அழிந்துபோன, சதைப்பற்றுள்ள துடுப்புகளைக் கொண்ட மீன் இது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள மிகுவாஷா பாறைகளில் இதன் புதைபடிவங்கள் ஏராளமாகக் கிடைத்தன. 1881இல் இதற்குப் பெயரிட்டார்கள். ஒன்றரை மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய வேட்டை மீன்.

சந்தையில் வாங்கும் வஞ்சிரம், கெண்டை போன்றவற்றின் துடுப்பில் மெல்லிய முட்கதிர்களும் அவற்றை இணைக்கும் சவ்வுமே தெரியும். அதை அசைக்கும் தசை பெரும்பாலும் உடலுக்குள் இருக்கிறது. யூஸ்தெனோப்டெரானின் துடுப்போ காம்பு வைத்த பனையோலை விசிறி போன்றது. அந்தக் காம்புக்குள்தான் வியப்பே இருக்கிறது: முதலில் ஒற்றை எலும்பு, அதையடுத்து இரண்டு எலும்புகள். நம் மேற்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு என்று இருக்கும் அதே வரிசை! விரல்கள் மட்டும் இல்லை.

இது தற்செயல் ஒற்றுமை அல்ல. இந்த எலும்பு அமைப்பு ஒரு பொது மூதாதையிடமிருந்து வந்தது. நீந்தப் பயன்பட்ட இதே அமைப்பு, இதன் உறவு மீன்களின் வழியில் பின்னர் கால்களாக மாறியது.

பழைய ஓவியங்கள் சிலவற்றில் இது கரையில் தவழ்வதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இது முழுக்க முழுக்க நீரில் வாழ்ந்த மீன் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கருத்து.