கொதிக்காத கடல்நீர் வற்றுவது எவ்வாறு?

கேள்வி: நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்கிறார்கள். அப்படியிருக்க, ஆனையிறவு உப்பளப் பாத்திகளில் நீர் கொதிக்காமலே வற்றுவது எவ்வாறு?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: கொதித்தல் வேறு, ஆவியாதல் வேறு. நீரின் மூலக்கூறுகள் யாவும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. மேற்பரப்பில் உள்ளவற்றுள் மிகுந்த வேகமுடையவை, அயல் மூலக்கூறுகளின் கவர்ச்சியை மீறி, கொதிநிலைக்கு வெகு கீழேயும் காற்றில் கலந்துவிடுகின்றன. வேகமானவை போய்விடுவதால் எஞ்சிய நீர் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் சித்திரை வெயிலிலும் சில்லென்றிருப்பது இதனாலேயே. பாத்தியிலோ நீர் ஆழங்குறைந்து பரந்து கிடப்பதால் வெயில் அந்த வெப்ப இழப்பை ஈடுசெய்ய, சோளகக் காற்று மேலே தேங்கும் ஈரத்தை ஓயாமல் அகற்றுகிறது. காற்று அசையாவிட்டால் வெளியேறிய மூலக்கூறுகளிற் பல நீருக்கே திரும்பிவிடும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு, அது ஆவியாகாது. பாத்தி ஓரத்தில் மெல்லிய வெண்படலமாகத் தெரிந்து, பின்னர் விரலுக்கு நறநறவென்று தட்டுப்படுவது அதுவே.