வேலை போனால் உடம்பும் போகுமா?

கேள்வி இதுதான்: "வேலையின்மைக்கும் மக்களின் உடல்நலத்துக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? இல்லை, பணக் கஷ்டத்தைத்தான் சுற்றி வளைத்து அப்படிச் சொல்கிறார்களா?"

தொடர்பு உண்டு. பணக் கஷ்டத்துக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது, ஆனால் அதோடு முடிந்துவிடுவதில்லை. நான் திருப்பூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிக்காரர்கள்: டெய்லர், கட்டிங், செக்கிங், அயர்ன், பேக்கிங். இங்கே பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம். ஊரில் ஆர்டர் இருக்கிறதா இல்லையா என்பது சனிக்கிழமை ராத்திரி எங்கள் கல்லாவிலேயே தெரிந்துவிடும். அங்கே பார்த்ததையும் இது பற்றித் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

வேலை குறைந்தால் முதலில் நிற்பது எந்த மருந்து தெரியுமா? வலி மாத்திரை நிற்காது. குழந்தைக்கு இருமல் மருந்து நிற்காது. முதலில் நிற்பது பிரஷர் மாத்திரை. அதை விட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாளும் தெரியாது. அடுத்தது சுகர் மாத்திரை. மாதத்துக்கு ஆறு அட்டை வாங்கியவர் மூன்றாகக் குறைப்பார், அப்புறம் "அஞ்சு மாத்திரை மட்டும் வெட்டிக் குடுங்கண்ணா" என்பார். இரண்டு வேளை போட வேண்டியதை ஒரு வேளையாக்கியிருப்பார். நாம் கேட்டால்தான் சொல்வார்.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு, எங்கள் பகுதியில் பல கம்பெனிகளில் வாரத்துக்கு ஆறு நாள் இருந்த வேலை நான்காகவும் மூன்றாகவும் சுருங்கியது. செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா அந்தச் சமயத்தில் வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரையை மட்டும் தவறாமல் வாங்கினார், தன்னுடைய தைராய்டு மாத்திரையை விட்டுவிட்டார். அவர் போடும் பிராண்டு மாத்திரை அட்டையில் வராது, டப்பாவாகத்தான் வரும். பத்து மாத்திரை வெட்டிக் கொடுக்க வழியில்லை. மொத்தமாகப் பணம் கொடுத்தாக வேண்டும், வாரச் சம்பளக்காரருக்கு அது முடியாத காரியம். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, "எனக்கு என்னண்ணா, அசதிதான். அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா குடும்பம் என்னாகும்?" என்றார். முகம் வீங்கியிருந்தது, குரல் கட்டியிருந்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? அவருக்கு வேலை போகவில்லை, குறைந்தது, அவ்வளவுதான். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2023-24இல் நாட்டின் வேலையின்மை 3.2 சதவீதம் என்றது. அந்தக் கணக்கெடுப்பின் வாரக் கணக்கில், வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர். வேலையில்லாமல் சும்மா இருக்க வசதி வேண்டும், நம் ஊரில் பலருக்கு அது கிடையாது. கிடைத்ததைச் செய்வார்கள், மாத்திரையைக் குறைப்பார்கள். நம் நாட்டில் வேலையின்மையும் உடல்நலமும் சந்திக்கும் இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

பிரஷர் மாத்திரையை நிறுத்தியவருக்கு ஆறு மாதம் கழித்துக் கை கால் இழுத்துக்கொண்டால், ஆஸ்பத்திரிச் சீட்டில் பக்கவாதம் என்று இருக்கும். வேலை குறைந்து மாத்திரை நின்ற கதை அதில் இருக்காது.

"உடம்பு சரியில்லாதவர்களுக்குத்தானே முதலில் வேலை போகிறது, அப்படியானால் எது காரணம், எது விளைவு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதைத் தாண்டத்தான் டேனியல் சல்லிவன், டில் வான் வாக்டர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1970கள், 80களில் நடந்த கூட்ட ஆட்குறைப்பை எடுத்துக்கொண்டார்கள். ஆலையே ஆட்களைக் கொத்தாக வெளியேற்றும்போது நோயாளி, திடகாத்திரமானவர் என்று பார்ப்பதில்லை. நீண்ட காலம் ஒரே இடத்தில் வேலை பார்த்த ஆண்களிடம், வேலை போனதற்கு அடுத்த ஆண்டில் இறப்பு விகிதம் 50 முதல் 100 சதவீதம் வரை கூடியிருந்தது. இருபது வருஷம் கழித்துப் பார்த்தாலும் 10 முதல் 15 சதவீதம் கூடுதலாகவே இருந்தது. 2009இல் வெளியான ஆய்வு இது. வேலை போன வருஷத்துச் சங்கடம் மட்டும் என்றால் இருபது வருஷம் நீடிக்காது.

இதற்கு நேர்மாறான ஒரு தகவலையும் சிலர் கொண்டுவருவார்கள்: பொருளாதாரம் படுக்கும்போது நாட்டின் மொத்த இறப்பு விகிதம் பல சமயம் குறைகிறது என்று. அதுவும் உண்மைதான். 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் தற்கொலைகள் கூடின, ஆனால் சராசரி ஆயுள் கூடவே செய்தது. வண்டி ஓட்டம் குறையும், விபத்து குறையும், புகை குறையும். இதைப் புரிந்துகொள்ள திருப்பூர்க்காரர்களுக்குப் புத்தகம் வேண்டாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நொய்யலில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணையே கழிவுத் தொட்டியாகி, கீழே இருந்த விவசாயிகள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் முடியாமல் வயலுக்குப் பாய்ச்சவும் முடியாமல் வருஷக்கணக்கில் போராடி வாங்கிய நீதி அது. அந்தத் தீர்ப்பு வந்தே ஆக வேண்டியது என்றுதான் இன்றும் சொல்வேன். அதே தீர்ப்பால் பட்டறையில் கூலிக்கு நின்றவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு தேனிக்கும் ராமநாதபுரத்துக்கும் பஸ் ஏறினார். ஆற்றோரத்தில் இருந்தவர் உடம்புக்கு நல்லது நடந்தது, பட்டறைத் தொழிலாளியின் உடம்புக்குக் கெடுதல் நடந்தது. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரியும். ஆறு மாதச் சம்பளமும் மருந்தும் அரசு பொறுப்பில் அவர்களுக்குக் கிடைத்திருந்தால், ஒருவர் நலத்துக்கு இன்னொருவர் விலை கொடுத்திருக்க வேண்டியதில்லை.

பணத்தைத் தாண்டிய பகுதிக்கு வருகிறேன். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு சின்ன ஊர். ஊரே நம்பியிருந்த நூற்பாலை 1929-30இல் மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்ற மூவரும் ஒரு குழுவோடு அங்கே போய் வேலையில்லாத குடும்பங்களை மாதக்கணக்கில் கவனித்தார்கள். நேரம் கொள்ளாமல் கிடக்கும்போது ஆட்கள் நிறையப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? ஊர் நூலகத்தில் இரண்டே வருஷத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோனது. தெருவில் நடப்பவர்களை ஜன்னலுக்குப் பின்னால் நின்று, கையில் கடிகாரத்தோடு கவனித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அங்கங்கே நின்றார்கள். பெண்கள் அப்படி நிற்கவில்லை. அவர்களுக்கும் ஆலை வேலை போயிருந்தது, ஆனால் அடுப்பு வேலையும் பிள்ளைகள் வேலையும் போகவில்லை. வேலை என்பது சம்பளத்தோடு சேர்த்து, நாளுக்கு ஒரு ஒழுங்கையும் நாலு பேர் பழக்கத்தையும் தனக்கென்று ஓர் இடத்தையும் தருகிறது என்று யஹோடா பிற்பாடு விரிவாக எழுதினார்.

இங்கேயும் அதைக் காண்கிறேன். காலையில் எட்டரைக்கு ஷிப்டு ஏறியவர் பதினோரு மணிக்கு எழுந்திருக்கிறார். ராத்திரி தூக்கம் வருவதில்லை, கடைக்கு வந்து தூக்க மாத்திரை கேட்கிறார். சீட்டு இல்லாமல் தர முடியாது என்றால் அடுத்த நிறுத்தம் டாஸ்மாக். 26 ஐரோப்பிய நாடுகளின் 1970 முதல் 2007 வரையான விவரங்களை வைத்து டேவிட் ஸ்டக்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் கணக்கிட்டதில், வேலையின்மை மூன்று சதவீதப் புள்ளிக்கு மேல் எகிறிய காலங்களில் மதுவால் நேரும் சாவுகள் 28 சதவீதம் கூடியிருந்தன. 65 வயதுக்குட்பட்டவர்களின் தற்கொலையும் கூடியது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வேலை இழந்தவரைத் திரும்ப வேலையில் சேர்க்கும் திட்டங்களுக்கு அதிகம் செலவழித்த நாடுகளில் இந்தத் தற்கொலைத் தொடர்பு பலவீனமாக இருந்தது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி. வேலை போவதற்கும் உயிர் போவதற்கும் இடையில் அரசு கை வைக்க இடம் இருக்கிறது.

மரியன்தால் இருக்கும் கிராமட்நாய்ஸீடல் ஊராட்சியிலேயே 2020இல், நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்தவர்கள் கேட்டால் வேலை உறுதி என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதை ஆராய்ந்தவர்கள் மன நிம்மதியும் நாலு பேர் பழக்கமும் நாளின் ஒழுங்கும் மேம்பட்டதைக் கண்டார்கள். உடல் நோய்களில் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. கெட்ட உடம்பு வேலை கிடைத்தவுடன் சரியாகிவிடாது, அதனால்தான் கெடுவதற்கு முன்னால் தடுக்க வேண்டும் என்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்தத் தடுப்பு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசி இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் மதிய உணவோடு, 2022இல் தொடங்கிய காலை உணவும் இருக்கிறது. அப்பாவுக்கு இந்த வாரம் சம்பளம் வந்ததா என்று அந்தத் தட்டு பார்ப்பதில்லை. மரியன்தாலில் உதவித்தொகை வருவதற்கு முந்தின நாள் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுவந்த தீனியும், வந்த மறுநாள் கொண்டுவந்த தீனியும் எவ்வளவு வேறுபட்டன என்பதைப் படித்தபோது, காலை உணவுத் திட்டத்தின் அருமை இன்னும் நன்றாகப் புரிந்தது. 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவமும் அதே வகை: பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு அப்படியில்லை. அது சம்பளப் பட்டியலோடு கட்டப்பட்டது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு, தொழிலாளி 0.75 சதவீதமும் கம்பெனி 3.25 சதவீதமும் கட்டுகின்றன. வேலை போனால் கட்டுவது நிற்கும். கொஞ்ச காலத்தில், மருந்து மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில், கவசமும் கழன்றுவிடுகிறது. பீஸ் ரேட்டில், காண்ட்ராக்டில் பெயரே பதியாமல் தைப்பவர்களுக்கு அந்தக் கவசம் முதலிலிருந்தே கிடையாது. இதை மாற்றச் சொல்லி ஒவ்வொரு தேர்தலிலும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதுவரை, வேலை போனவர் யாராவது இதைப் படித்தால் சில விஷயங்கள். இஎஸ்ஐ அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான ஆறு மாதத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரைக்கான 78 நாள், அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை காக்கும். வேலை நடுவில் போயிருந்தாலும் இது பொருந்தும். வாரம் மூன்று நாள் வேலை என்றால் 26 வாரத்தில் சரியாக 78 நாள்தான் வரும், ஒரு வாரம் தவறினாலும் குறைந்துவிடும். அதனால் ஷிப்டு சுருங்கும் காலத்தில் எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை போனவர்களுக்கு 50 சதவீதச் சம்பளத்தை 90 நாள் வரை தரும் அடல் திட்டம் ஒன்றும் இஎஸ்ஐயில் வந்தது, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சொந்த ஊருக்குத் திரும்பினால், பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு அங்கிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பிரஷர், சுகர் மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கும். மாத்திரையை நீங்களாகப் பாதியாக்காதீர்கள். விலைதான் பிரச்சினை என்றால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லி, விலை குறைந்த ஜெனரிக் மருந்தாக எழுதித் தரச் சொல்லுங்கள். தூக்கம் கெட்டு, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்ற ஆரம்பித்தால் 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பார்கள். தவிப்பவர் பேச மறுத்தால் வீட்டில் இருப்பவரே அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.