கார்டு வாங்கும் முன் நாள் கணக்கு

வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனைக் கார்டில் கர்ப்பம் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, குமரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டர் ஒருவர் பதில் சொல்கிறார்.

தூத்தூர் பக்கத்திலிருந்து: வீட்டுக்காரர் தங்குகடலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க)ப் போய் 12 நாள் ஆகிறது. எனக்கு மாதவிலக்குத் தேதிக்கு இன்னும் 4 நாள் இருக்கிறது. இன்றே பார்த்தால் தெரியுமா சிஸ்டர்?

பார்க்கலாம் மக்ளே. கார்டில் இரண்டு கோடு வந்தால் கர்ப்பம். ஆனால் ஒற்றைக் கோடு வந்தால் இல்லை என்று இப்போதே நம்பிவிடக் கூடாது. கரு உண்டான உடனே சிறுநீரில் எதுவும் தெரியாது. முட்டை வெளியாகி 6 முதல் 10 நாளில் கரு கர்ப்பப்பையில் ஒட்டும். சிலருக்கு 12 நாள்கூட ஆகும். ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. முதலில் துளியளவு, அப்புறம் ஏறக்குறைய 2 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். மெடிக்கலில் கிடைக்கும் கார்டுகளில் பெரும்பாலானவை 25 யூனிட் அளவுக்கு வந்தால்தான் கோடு காட்டும். இன்று 6 இருக்கிறது என்று வையுங்கள், கார்டுக்கு அது கண்ணில் படாது. 4 நாளில் 24 ஆகும். தேதி தள்ளிய மறுநாள் பார்த்தால் கோடு வந்துவிடும். இந்தச் சில நாள் பொறுக்காமல் 3 கார்டு வாங்கி அழுதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர் போட் ஏறிய தேதி தெரியும். விந்தணு உடம்புக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும் என்பதால், அவர் போன பிறகு முட்டை வெளியாகியிருந்தாலும் கரு நிற்கலாம். அதனால் தேதி தள்ளிய மறுநாள் ஒருமுறை பாருங்கள். ஒற்றைக் கோடு என்றால், அவர் போன 21ஆம் நாள் இன்னொரு முறை. அன்றும் ஒற்றைக் கோடுதான் என்றால் இந்த மாதம் இல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து: நீர்க்கட்டி இருப்பதால் எனக்கு 40 நாள், 55 நாள் என்றுதான் வரும். தேதி தள்ளியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தேதியை விட்டுவிடுங்கள். கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணிப் பாருங்கள்.

குலசேகரம் பக்கத்திலிருந்து: ரப்பர் பால்வெட்டுக்கு அதிகாலை 3 மணிக்கே எழுந்துவிடுவேன். காலைச் சிறுநீர் என்றால் எது அக்கா?

நல்ல கேள்வி, யாரும் கேட்காதது. நீண்ட தூக்கத்துக்குப் பிறகு முதலில் போவதுதான், மணி எதுவானாலும் சரி. இரவெல்லாம் தேங்கியதால் அதில் ஹார்மோன் செறிவாக இருக்கும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் நீர்த்துப்போய் ஏமாற்றும்.

தக்கலையிலிருந்து: காலையில் பார்த்தபோது ஒரு கோடுதான் வந்தது. மத்தியானம் அதே கார்டை எடுத்துப் பார்த்தால் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிகிறது. இது சரியா?

5 நிமிடத்துக்குள் வந்தால் மங்கலானாலும் அது கோடுதான். 2 நாள் கழித்துப் பார்த்தால் அழுத்தமாக வரும். மத்தியானம் வந்தது சிறுநீர் காய்ந்த தடமாக இருக்கலாம், கணக்கில் எடுக்காதீர்கள். புதுக் கார்டில் பாருங்கள். உறையை முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டாம், நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு அது ஆகாது.

கருங்கல்லிலிருந்து: மாமி பற்பசையில் சிறுநீர் ஊற்றி நுரைத்தால் பிள்ளை என்கிறார்கள்.

பற்பசை எந்தச் சிறுநீருக்கும் நுரைக்கும், மாமாவுடையதுக்கும்.

குளச்சலிலிருந்து: பக்கத்து மெடிக்கல்காரர் எங்கள் சர்ச்சுக்காரர். அங்கே வாங்கினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரியும்.

துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நிச்சய் என்ற பெயரில் அரசு தரும் கார்டு அங்கே இலவசம், சிஸ்டரும் வெளியே சொல்லமாட்டார். இரண்டு கோடு வந்தால் பதிவையும் அப்போதே போட்டுவிடலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிய வேண்டும்; பலர் இதைத் தவறவிட்டுவிட்டு வருவார்கள். ஃபோலிக் அமில மாத்திரையும் கேட்டு வாங்குங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிறோம். முட்டை வெடிக்க ஊசி போட்ட 5ஆம் நாளே இரண்டு கோடு!

சந்தோஷத்தைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அந்த ஊசி பெரும்பாலும் எச்.சி.ஜி.தான், கார்டு காட்டுவது ஊசியை. உடம்பை விட்டுப் போக 10 முதல் 14 நாள் ஆகலாம். டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை செய்வதே நல்லது.

திருவட்டாரிலிருந்து: இரண்டு கோடு வந்து ஒரு வாரம் ஆகிறது. இரண்டு நாளாக வலது அடிவயிற்றில் குத்துவலி, லேசாக ரத்தமும் படுகிறது. ஸ்கேனுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் வரை இருக்க வேண்டாம், இன்றே போங்கள். கரு குழாயில் தங்கினாலும் கார்டில் இரண்டு கோடுதான் வரும், எங்கே தங்கியது என்று அது சொல்லாது. தோள்பட்டை வலியோ தலைச்சுற்றலோ வந்தால் பஸ்ஸுக்கு நிற்காமல் 108ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடுங்கள். தனியாகப் போக வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.