வாசகர் கேள்வி–பதில்: எதிரியின் சாவைக் கொண்டாடலாமா?

பஸ்கா விருந்தில் எகிப்தியர் பட்ட துன்பத்துக்காக யூதர்கள் திராட்சை ரசத்தைச் சிந்துவார்களாமே, எப்படி? – சேலம் வாசகர்

கோப்பையைக் கவிழ்ப்பதில்லை, சொட்டுச் சொட்டாக எடுப்பதுதான். அன்றிரவு ஆளுக்கு நான்கு கோப்பை. இரண்டாவது கோப்பையை நிரப்பி வைத்துக்கொண்டு எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து முன்னோர் விடுதலையான கதையை வாசிக்கும்போது, எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளின் பெயர்களும் வரும்: இரத்தம், தவளை, பேன் என்று தொடங்கித் தலைப்பிள்ளைகளின் சாவு வரை. ஒவ்வொரு பெயருக்கும் விரலை ரசத்தில் தோய்த்து ஒரு சொட்டைத் தட்டில் விடுவார்கள். சில வீடுகளில் சுண்டுவிரல், சில வீடுகளில் ஆள்காட்டி விரல். விரலே படாமல் வேறு பாத்திரத்தில் ஊற்றுகிறவர்களும் உண்டு.

ஐரோப்பிய யூதர் வழக்கில் மொத்தம் 16 சொட்டு. அந்த வாசிப்பில் வரும் 'இரத்தம், நெருப்பு, புகைத்தூண்' என்ற சொற்களுக்கு 3, வாதைகளுக்கு 10, வாதைகளின் முதலெழுத்துகளைக் கோத்து ரபி (யூத மதகுரு) யூதா அமைத்த மூன்று சுருக்கச் சொற்களுக்கு 3. விரலை நக்கக் கூடாது, துடைக்க வேண்டும். பிள்ளைகள் மறந்துபோவது இதைத்தான்.

எதிரியின் துன்பத்தால் நம் மகிழ்ச்சிக் கோப்பை குறைகிறது என்று இன்று காரணம் சொல்கிறார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் பழையது அல்ல. 1427இல் மறைந்த ஜெர்மானிய ரபி மஹரில் சொன்னது நேர் எதிர்: இந்த வாதைகள் நம்மை விட்டு விலகி எதிரிகள் மேல் போகட்டும்!

அப்படியானால் இரக்கம் என்பதெல்லாம் பிற்காலப் பூச்சா? – நாகர்கோவில் வாசகர்

இல்லை. எகிப்து மன்னன் பார்வோனின் படை கடலில் மூழ்கியதும் இஸ்ரவேலர் பாடிய பாட்டு பைபிளின் யாத்திராகமம் 15இல் இருக்கிறது. பஸ்காவின் ஏழாம் நாள் ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று அதைக் கேட்கிறார்கள். அதே நாளில், 113 முதல் 118 வரையான துதிச் சங்கீதங்களைக் குறைத்துச் சொல்கிறார்கள்: 115லும் 116லும் முதல் 11 வசனங்கள் விடுபடும். தேவதூதர்கள் பாடப்போனபோது, 'என் கைப்படைப்புகள் கடலில் மூழ்குகின்றன, நீங்கள் பாட்டா பாடுகிறீர்கள்?' என்று கடவுள் தடுத்ததாக யூத மரபு நூலான டால்முட் சொல்கிறது. துதியைக் குறைப்பதற்கு இதைக் காரணமாகக் காட்டுவது ஒரு மரபு. அதே டால்முட்டில் வறட்டுக் காரணம் ஒன்றும் இருக்கிறது: பஸ்கா நாட்களில் ஆலயத்தில் செலுத்திய பலிகளின் கணக்கு நாளுக்கு நாள் மாறுவதில்லை, அதனால்தான் தினமும் முழுத் துதி இல்லை.

பைபிளின் நீதிமொழிகள் நூலும் ஒரே குரலில் பேசவில்லை. 24:17 'உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே' என்கிறது. 11:10இல் 'துன்மார்க்கர் அழிந்தால் கெம்பீரம் உண்டாகும்'. முதல் வசனத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் 24:18ஐப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நீ மகிழ்ந்தால் கர்த்தர் அவன் மேலிருக்கும் கோபத்தை நீக்கிவிடுவார் என்பதுதான் அங்கே சொல்லப்படும் காரணம். கருணையை விட எச்சரிக்கைதான் அதில் தூக்கல்!

பின் லாடன் சாவைக் கொண்டாடியவர்களைப் பற்றி மார்ட்டின் லூதர் கிங் சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒன்று வருகிறதே? – கோவை வாசகர்

கிங் 1968லேயே கொல்லப்பட்டார். பின் லாடன் கொல்லப்பட்ட 2011 மே மாதம் பரவிய 'ஆயிரக்கணக்கான உயிர்களின் இழப்புக்கு வருந்துவேன், ஆனால் எதிரியே ஆனாலும் ஒருவரின் சாவில் மகிழ மாட்டேன்' என்ற வரி அவருடையது அல்ல. இளம்பெண் ஒருவர் ஃபேஸ்புக்கில் தன் கருத்தாக அதை எழுதி, அடுத்து மேற்கோள் குறிக்குள் கிங்கின் உண்மையான வரிகளைச் சேர்த்தார். பகிர்ந்தவர்கள் கையில் குறிகள் உதிர்ந்தன. அன்றைய ட்விட்டரின் 140 எழுத்து வரம்புக்காகச் சுருக்கியபோது, அந்தப் பெண்ணின் வரியும் கிங்கின் பெயரும் மட்டும் மிஞ்சின.

அப்போதைய வத்திக்கான் பேச்சாளர் லொம்பார்டி, ஒரு மனிதனின் சாவில் கிறிஸ்தவன் ஒருபோதும் மகிழ்வதில்லை என்றார். இது உண்மையாகவே சொல்லப்பட்டது. பகிர நினைப்பவர்கள் இதைப் பகிரலாம்.

தாட்சர் இறந்தபோது பிபிசி ஒரு பாட்டைத் தடை செய்ததா? – திருச்சி வாசகர்

தடை என்று சொல்ல முடியாது. 2013 ஏப்ரல் 8இல் பிரிட்டனின் முன்னாள் பிரதமரான அவர் இறந்ததும், 1939ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் வரும் 'சூனியக்காரி செத்தாள்' பாட்டை எதிர்ப்பாளர்கள் வாங்கிக் குவித்து விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடத்துக்கு ஏற்றினார்கள். இறுதிச் சடங்கு 17ஆம் தேதி. அதற்கு முன் முழுப் பாட்டையும் போட்டால் துக்க வீட்டை நோகடிக்கும், போடாவிட்டால் கருத்துரிமை போச்சு. ரேடியோ 1 ஒரு செய்தித் துணுக்குக்குள் சில விநாடி மட்டும் ஒலிக்கவிட்டது. இரண்டு தரப்புமே திட்டியது. இறுதிச் சடங்கு நாளன்று கோல்ட்தோர்ப் என்ற பழைய நிலக்கரி ஊரில் அவருடைய உருவபொம்மையைச் சவப்பெட்டியில் வைத்து எரித்தார்கள். அவர் ஆட்சியில் நடந்த 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தோற்ற ஊர்க்காரர்களின் கோபம் ஒரு ரகம், காசு கொடுத்துப் பாட்டைத் தரவிறக்கியவரின் குறும்பு இன்னொரு ரகம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை.