காட்டாற்றுக்கு எந்தக் கயாக்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஆற்றுக் கயாக்கிங் (இரு முனையிலும் தட்டு உள்ள துடுப்பால் ஓட்டுகிற ஒல்லிப் படகுதான் கயாக்) பற்றி இரண்டு பக்கம் எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த முறை பொருள் வாங்குவது சம்பந்தமானதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பிச்சாவரத்திலும் கோவளம் கடலிலும் கயாக் ஓட்டியிருக்கிறேன். நண்பர் தன்னுடைய பத்து அடி சிட்-ஆன்-டாப் கயாக்கைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கி ஜூலையில் கோழிக்கோடு பக்கம் சாலிப்புழாவில் இறக்கலாமா? என் எடை 82 கிலோ. (கோயம்புத்தூர் வாசகர்)

வேண்டாம். பிச்சாவரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது அருமையான படகு.

சாலிப்புழாவும் பக்கத்து இருவஞ்சிப்புழாவும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்குகிற மழையாறுகள். கோடையில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம். ஜூன், ஜூலையில் மேலே ஒரு கொட்டு கொட்டினால் சில மணி நேரத்தில் தண்ணீர் ஏறிவிடும். குறுகலான ஆறு, அடுத்தடுத்துச் சரிவு, எங்கே பார்த்தாலும் பாறை. 2013-இல் தொடங்கிய மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்கிற கயாக் போட்டிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவதே இந்தத் தண்ணீருக்காகத்தான். சிட்-ஆன்-டாப்பின் மேல் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். தட்டையான அடிப்பாகம், நேராகப் போவதற்கென்றே செய்த நீளம். காட்டாற்றிலோ பாறை தெரிந்த நொடியில் திரும்பியாக வேண்டும். அதற்காகவே ஒயிட்வாட்டர், அதாவது காட்டாற்றுக் கயாக்கைக் குட்டையாகவும், வாழைப்பழம் மாதிரி இரண்டு முனையும் மேலே வளைந்தும் செய்கிறார்கள். அந்த வளைவுக்கு ராக்கர் என்று பெயர். இதை முதல்முறை ஏரியில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் படகில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பார்கள், ஏனென்றால் ஒகேனக்கல்லில் பரிசலைச் சுற்றிக்காட்டுவார்களே, அதுபோல வலமும் இடமுமாகச் சுற்றுமே தவிர நேரே போகாது. கோளாறு இல்லை, பழக வேண்டும்.

கடையில் நான்கு பெயர் சொல்வார்கள். கிரீக் போட் எட்டு ஒன்பது அடி இருக்கும், பருமன், அருவியில் விழுந்து அமிழ்ந்தாலும் கார்க் மாதிரி மேலே வந்துவிடும். ரிவர் ரன்னர் ஏறக்குறைய அதே நீளம்தான், ஆனால் ஒல்லி, அடி ஓரம் கூர்மையாக இருப்பதால் நீரோட்டத்தைக் கத்தி மாதிரி கடிக்கும். ஹாஃப் ஸ்லைஸ் முன்னால் பருமன், பின்னால் தட்டை. பிளேபோட் ஆறு அடிக் குட்டி, ஒரே அலையில் நின்று குட்டிக்கரணம் போடுகிறவர்களுக்கு. ஹாஃப் ஸ்லைஸ்தான் இப்போது ஃபேஷன், வீடியோவில் எல்லாரும் அதில்தான் மூக்கைத் தூக்கி நிற்கிறார்கள், ஆனால் தட்டையான பின்பக்கத்தை நீரோட்டம் பிடித்து அமுக்கினால் புதியவர் கவிழ்வார். உங்களுக்கு டேகர் மாம்பா, பிரான்யா பர்ன் மாதிரி, ரிவர் ரன்னருக்கும் கிரீக் போட்டுக்கும் நடுவில் இருக்கிற படகு சரி. கொள்ளளவைக் காலன் கணக்கில்தான் சொல்வார்கள், 82 கிலோவுக்கு 75 முதல் 85 காலன் வரை பாருங்கள். ஒவ்வொரு அளவுக்கும் எடை வரம்பு கொடுத்திருப்பார்கள், ஹெல்மெட், மிதவை ஜாக்கெட், ஈரத் துணி எல்லாம் சேர்த்து அதன் நடுவில் நீங்கள் வர வேண்டும்.

அதுவும் இந்த வருடம் வாங்காதீர்கள். பயிற்சி தருகிற இடத்தில் படகு அவர்களே தருவார்கள். தலைக்கும் உடம்புக்கும் உரியதை முதலில் சொந்தமாக வாங்குங்கள், படகு கடைசி.

எனக்கு 5 அடி 1 அங்குலம், 48 கிலோ. ரிஷிகேஷில் ஒரு வாரம் பயிற்சிக்குப் போனேன். ரோல் (கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது) வரவே இல்லை. கையில் பலம் போதாது என்றார்கள். ஜிம்முக்குப் போகவா? (சென்னை வாசகி)

போங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் ரோலுக்கும் கைப்பலத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. கவிழ்ந்த படகை இடுப்பால் வெட்டித் திருப்புகிறோம், துடுப்பு ஒரு ஊன்றுகோல் மட்டும். என் சந்தேகம், உங்களுக்கு ஆண்கள் ஓட்டுகிற பெரிய படகைக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே நீங்கள் டப்பாவில் போட்ட பட்டாணி மாதிரி ஆடியிருப்பீர்கள். நீங்கள் இடுப்பை வெட்டினால் நீங்கள்தான் திரும்பியிருப்பீர்கள், படகு திரும்பியிருக்காது.

அடுத்த முறை தண்ணீரில் இறங்கும் முன் தரையிலேயே சோதித்துவிடுங்கள். உட்கார்ந்து முதுகுப் பட்டையை இறுக்குங்கள். பாதம் முன்னால் உள்ள பலகையை லேசாகத் தொட வேண்டும், அழுத்தி வலிக்கக் கூடாது. தொடை, மேலே இருக்கிற தொடைப்பிடிக்குள் நிற்க வேண்டும். இடுப்புக்கு இரு பக்கமும் விரல் நுழைகிற இடம் இருந்தால் போதும், கை நுழைந்தால் தொளதொளப்பு. இப்போது வலது முழங்காலை மட்டும் தூக்கிப் பாருங்கள். படகும் கூடவே இடப்பக்கம் சாய்ந்தால் அது உங்கள் படகு. இடைவெளி இருந்தால் பழைய யோகா பாயை வெட்டி, ஒவ்வொரு அடுக்காக ஒட்டி நிரப்புங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். ரொம்ப இறுக்கிவிடவும் வேண்டாம், தலைகீழாக இருக்கும்போது சட்டென்று வெளியே வர வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். நானும் ரிஷிகேஷில் ஒருமுறை பாதப் பலகையின் போல்ட்டை முடுக்காமல் கிளம்பி, முதல் பாறையில் இடித்ததும் பலகை சரிந்து, இடுப்புவரை படகின் மூக்குக்குள் போய்விட்டேன். குற்றம் முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து ஸ்பானர் பையிலேயே இருக்கிறது.

மகனுக்கு 15 வயது, 52 கிலோ. மிண்டனில் கல் (Gull) ரிவரில் பழகுகிறான். பழைய கயாக் வாங்கிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? (டொராண்டோ வாசகர்)

2015 பான் அமெரிக்கப் போட்டியின் ஸ்லாலம் (தொங்கும் கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓட்டுகிற) பந்தயம் நடந்த ஆறு, பையன் கொடுத்து வைத்தவன். பெயரில் உள்ள கல் கடற்பறவைதான், ஆனால் நம் ஊர்க் கல்லும் அங்கே ஏராளம். அதனால் பழைய படகின் அடியில் கீறல் இல்லாமல் இருக்காது, அதற்குப் பயப்படாதீர்கள். படகைக் கவிழ்த்து, இருக்கைக்கு நேர் கீழே கட்டைவிரலால் அழுத்துங்கள். அங்கேதான் உடம்பின் எடை முழுக்கப் பாறைமேல் விழும், அங்கேதான் பிளாஸ்டிக் மெலிந்து வெடிப்பு வரும். டின் மூடி மாதிரி உள்ளே வெளியே போனால் விட்டுவிடுங்கள். நிறம் வெளுத்துப் பவுடர் மாதிரி கையில் ஒட்டினால் பல வருடம் வெயிலில் கிடந்தது என்று அர்த்தம், அதையும் விட்டுவிடுங்கள். மீதிக்கு ஒரே சோதனை: உள்ளே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கால்மணி நேரம் விட்டு, அடியில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

1980-களின் பதினோரு அடி நீளப் படகுகள் இன்னும் சில வீட்டுக் கராஜ்களில் கிடக்கின்றன, சும்மா கொடுத்தாலும் இந்தப் பையனுக்கு வேண்டாம். அவன் இன்னும் வளருவான், எடை வரம்பின் கீழ்ப்பாதியில் அவன் வருகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் பின்பக்கத்துக்குள் இரண்டு காற்றுப்பை வையுங்கள், இல்லாவிட்டால் அவன் விழுந்த பிறகு தண்ணீர் நிரம்பிய படகை யாராலும் கரைசேர்க்க முடியாது. அப்புறம் ஏப்ரல், மே மாதத்தில் அது பனி உருகிய தண்ணீர். பருத்தி பனியனோடு அனுப்பாதீர்கள், உடம்புச் சூட்டைக் காக்கிற ரப்பர் உடையான வெட்சூட் கட்டாயம், முடிந்தால் உள்ளே தண்ணீரே புகாத டிரைசூட்.

கித்துல்கலவில் களனி கங்கையில் ஓடப் போகிறோம். என்னிடம் நல்ல மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது, அது காணும் தானே? (கண்டி வாசகர்)

காணாது. விழுந்ததும் அது வாளி மாதிரி தண்ணீரை அள்ளும், கழுத்தைத்தான் இழுக்கும். சைக்கிள் ஹெல்மெட்டும் சரிவராது, அதன் நுரை ஒரு பெரிய அடியை வாங்கி நொறுங்குவதற்கு என்று செய்தது, ஆறு தருவது சின்னச் சின்னதாகப் பத்து அடி. உள்ளே இ.என். 1385 (காட்டாற்று ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரக் குறியீடு) என்று அச்சிட்ட ஹெல்மெட்டாக எடுங்கள். வாரைப் போட்டு, நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பின்னால் தள்ளிப் பாருங்கள், நெற்றி வெளியே தெரிந்தால் வேறு அளவு.

மிதவை ஜாக்கெட்டும் அப்படித்தான். ராஃப்டிங்கில் கொடுக்கிற மொத்தச் சட்டை கயாக்கில் துடுப்புப் போட விடாது. பெரியவர்களுக்கு 50 நியூட்டன், அதாவது சுமார் ஐந்து கிலோ தூக்குவிசை போதும். தோளைப் பிடித்து யாராவது மேலே இழுக்கும்போது காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. பின்னால் கயிறு மாட்டுகிற வளையம் உள்ள ரெஸ்க்யூ ஜாக்கெட் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், அதற்கான பயிற்சி எடுக்காமல் அந்த வளையத்தில் எதையும் மாட்டாதீர்கள். ஸ்பிரே டெக் (படகின் வாயைத் தண்ணீர் புகாமல் மூடுகிற, இடுப்பில் மாட்டும் பாவாடை) போட்டதும் அதன் முன்னால் உள்ள இழுப்பு வார் வெளியே இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும். உள்ளே மாட்டிக்கொண்ட வாரைத் தலைகீழாக இருந்து தேடுவது நல்ல அனுபவம் இல்லை.

துடுப்பு விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்கள் தெருத் தச்சரிடம் செய்துகொள்ளலாமா? (ஸ்ரீரங்கம் வாசகர்)

கேள்வி பிடித்திருக்கிறது. மரத் துடுப்பு செய்து விற்கிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள், கையில் பிடிக்கச் சுகமாகவும் இருக்கும். நீளம் உங்கள் உயரத்தைப் பொறுத்து 191 முதல் 203 சென்டிமீட்டருக்குள். இரண்டு தட்டும் ஒரே தளத்தில் இருக்காது, ஒன்றுக்கொன்று 30 அல்லது 45 டிகிரி திருகியிருக்கும், தச்சர் அதைத் தவறு என்று நினைத்து நேராக்கிவிடப் போகிறார். வலது கை பிடிக்கிற இடத்தில் கம்பு உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீருக்குள் கண் தெரியாதபோதும் தட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியும். எடை ஒரு கிலோவைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் தோள் சொல்லிவிடும். தட்டின் ஓரம் பாறையில் பட்டுப் பிளக்கும், அங்கே ரெசின் பூச வேண்டும். காவிரியில் தண்ணீர் அமைதியாக இருக்கிற நாளில் முதலில் ஓட்டிப் பாருங்கள், காட்டாற்றுக்கு அப்புறம் கொண்டுபோகலாம். தச்சர் ஒத்துக்கொண்டால் படம் அனுப்புங்கள்.