எடை குறைக்கும் (பேரியாட்ரிக்) அறுவைக்கு முன்னும் பின்னும்: பொது மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அறுவை செய்யப்போவது சர்ஜன். நடுவில் பொது மருத்துவரை ஏன் பார்க்கச் சொல்கிறார்கள்? ஃபிட்னஸ் கையெழுத்துக்கா டாக்டர்?

பதில்: கையெழுத்து அதில் சின்ன வேலை. எடை ஏன் ஏறியது என்று முதலில் பார்ப்போம். தைராய்டு குறைவு, ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின், எல்லாமே எடையைக் கூட்டும். பிறகு எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகர்), ஈசிஜி, கல்லீரல், சிறுநீரகம், இரும்பு, பி12, வைட்டமின் டி. பருமனானவருக்குச் சத்துக்குறைவு இருக்காது என்பது தப்புக்கணக்கு. குறை இருந்தால் அறுவைக்கு முன்பே நிரப்பிவிட வேண்டும். குறட்டையை யாரும் தானாகச் சொல்வதில்லை, வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் தூக்கப் பரிசோதனை செய்து முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சீபேப் கருவி தொடங்குவோம். அட்மிட் ஆகும்போது அந்தக் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். பலர் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

கேள்வி: பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 31, சுகர் இருக்கிறது. இந்த எடைக்கெல்லாம் ஆபரேஷனா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

பதில்: 1991இல் அமெரிக்காவில் வகுத்த வரம்பு 40, கூடவே நோய் இருந்தால் 35. அதைத்தான் பலரும் இன்னும் சொல்கிறார்கள். 2022இல் வந்த சர்வதேசப் பரிந்துரைப்படி 35 என்றாலே செய்யலாம், சுகர் போன்றவை இருந்தால் 30 முதல். ஆசியர்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம், ஏனென்றால் நமக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சுகரும் வந்துவிடுகின்றன. தகுதி உண்டு, உடனே செய்தாக வேண்டும் என்பதில்லை.

கேள்வி: சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின், கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் மூன்றும் எடுக்கிறேன் சார். எதை எப்போது நிறுத்துவது?

பதில்: டாபாவை அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பு நிறுத்த வேண்டும். ஆனால் அறுவைக்கு முன் கல்லீரலைச் சுருக்க 2 வாரம் 800 முதல் 1200 கலோரி டயட் தருவார்களே, சிக்கல் அங்கேயே தொடங்கிவிடும். மாவுச்சத்து குறைந்த நிலையில் இந்த மாத்திரை போனால் ரத்தத்தில் கீட்டோன், அதாவது கொழுப்பு எரியும்போது வரும் அமிலம், ஏறும். சுகர் 180தான் காட்டும். குளுக்கோமீட்டரை நம்பி ஏமாந்துபோவோம். குமட்டல், வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். அதனால் டயட் தொடங்கும் நாளிலேயே டாபாவை நிறுத்துவதுதான் என் கட்சி. கிளிமிபிரைடைக் குறைக்காமல் அதே டயட்டில் இருந்தால் லோ சுகர் வரும். அறுவைக்குப் பின் பெரும்பாலும் அது தேவைப்படாது. மெட்ஃபார்மினை முந்தின நாள் வரை எடுக்கலாம். பிறகு தேவைப்பட்டால் மெதுவாகக் கரையும் எஸ்ஆர் வகை வேண்டாம், சாதாரண வகை போதும். இத்தனையும் உங்கள் மருத்துவர் சீட்டில் எழுதித் தர வேண்டியவை. நீங்களாக மாற்றாதீர்கள்.

கேள்வி: பிரஷர் மாத்திரை?

பதில்: முதலில் நிற்க வேண்டியது நீர் பிரியச் செய்யும் மாத்திரை. குடிக்கும் தண்ணீரே குறைவாக இருக்கும்போது அது கிறுகிறுப்பிலும் சிறுநீரகப் பாதிப்பிலும் கொண்டுபோய் விடும்.

கேள்வி: அம்மாவுக்கு எடை குறைக்க இரைப்பை பைபாஸ் முடிந்து ஆறு வாரம். பத்து நாளாக வாந்தி, கால் மரத்துப்போகிறது என்கிறார். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் டிரிப்ஸ் போடட்டுமா?

பதில்: வேண்டாம், இன்றே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். உடலில் தயமின், அதாவது பி1, சில வார இருப்புதான் இருக்கும். அது தீர்ந்தபின் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகி மூளை பாதிக்கப்படும்: கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். தாமதித்தால் நினைவாற்றல் திரும்பாமலே போகலாம். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. ரத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. இரைப்பையையும் குடலையும் இணைத்த இடம் சுருங்கியிருக்கிறதா என்று சர்ஜன் எண்டோஸ்கோப்பி பார்ப்பார். ‘பைபாஸ் ஆனவர், தயமின் கொடுத்தாகிவிட்டதா’ என்று நீங்களே கேளுங்கள்.

கேள்வி: முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக் போடலாமா?

பதில்: பைபாஸ் ஆனவர் கூடாது. இணைப்பில் புண் வந்து ரத்தம் கசியும், ஓட்டையும் விழலாம். பாராசிட்டமால் எடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தரும் கலவை வலி மாத்திரைகளில் டைக்ளோஃபினாக் ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள்.

கேள்வி: சத்து மாத்திரை எத்தனை மாதம்?

பதில்: ஆயுள் முழுக்க. கால்சியம் சிட்ரேட் நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரு வேளைக்கு 500க்கு மேல் வேண்டாம். இரும்புக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மி.கி. இரும்பை டீயோடு விழுங்கினால் பாதி வீண். புரதம் குறைந்தது 60 கிராம். இட்லி சாம்பாரை மட்டும் நம்பினால் அந்தக் கணக்கு எட்டாது.

கேள்வி: பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது டாக்டர், குழந்தைக்காகத்தான் அறுவையே.

பதில்: 12 முதல் 18 மாதம் பொறுங்கள். எடை குறையத் தொடங்கியதுமே கரு தங்கலாம், மாதவிடாய் ஒழுங்காகும் வரை பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, காப்பர்-டி நல்லது.