டர்பன் பழைய நீதிமன்றமும் இரண்டு தலைப்பாகைகளும்

கேள்வி: டர்பன் நகர மண்டபத்துக்குப் பின்னால் அருங்காட்சியகமாக இருக்கும் மாடிக் கட்டடத்துக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். அது முன்பு நீதிமன்றமாக இருந்ததாம். அதன் வரலாற்றையும், நம் மக்களுக்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் விளக்குவீர்களா?
- வாசகர், டொங்காட்

பதில்: அந்த நீதிமன்றம் 1866-இல் கட்டப்பட்டது. அதற்கு ஆறே ஆண்டுகளுக்கு முன், 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்த முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் டர்பனில் கரையிறங்கினார்கள். ஆகவே தென்னாப்பிரிக்காவில் நம் சமூகத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

வெயிலும் ஈரக்காற்றும் கோடை மழையும் மிகுந்த ஊர் என்பதால், சுவருக்கு வெளியே நிழல் தரும் தாழ்வாரம் வைத்துக் கட்டுவது, டர்பனை உள்ளடக்கிய ஆங்கிலேயக் குடியேற்றமான அக்கால நேட்டாலின் வழக்கம். இக்கட்டடமும் அந்த மரபைச் சேர்ந்ததே. 1910-இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபமோ பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தைப் பார்த்து எழுப்பப்பட்டது. அதன் கம்பீரத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இந்த ஊரின் தட்பவெப்பத்தை அறிந்து கட்டப்பட்டது பின்னால் இருக்கும் சிறிய கட்டடம்தான். 1879-இல் ஆங்கிலேயருக்கும் சூலு மக்களுக்கும் போர் மூண்டபோது தாக்குதலுக்கு அஞ்சி அதன் சுவர்களில் துப்பாக்கித் துளைகள்கூட இடப்பட்டன.

1893 மே மாதத்தில், டர்பனுக்கு வந்த இரண்டொரு நாளில், காந்தி இங்கே வழக்கு மன்றத்தைப் பார்க்க அழைத்து வரப்பட்டார். மாஜிஸ்திரேட் அவரை உற்றுப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்; காந்தி மறுத்து வெளியேறினார். இஸ்லாமிய உடையில் வருவோர் தலைப்பாகையுடன் இருக்கலாம், மற்ற இந்தியர்கள் கழற்றிவிட வேண்டும் என்பதே அன்றைய வழக்கம் என்று பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.

இத்துடன் சேர்த்தே சொல்லவேண்டிய இன்னொரு தலைப்பாகையும் உண்டு. காந்தி வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய சில மாதங்களில், கிழிந்த உடையும் உடைந்த இரண்டு முன்பற்களும் இரத்தம் வழியும் வாயுமாக, தலைத்துணியைக் கையில் பிடித்தபடி, ஒரு தமிழர் நடுங்கி அழுதுகொண்டு அவர் முன் வந்து நின்றார். அவர்தான் முதலாளியிடம் அடிபட்ட ஒப்பந்தத் தொழிலாளி பாலசுந்தரம். வெள்ளையர் முன் செல்லும்போது தலைத்துணியை அவிழ்த்தாக வேண்டியிருந்ததால், காந்தியிடமும் அப்படியே வந்துவிட்டார். காந்தி அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயக்கத்தோடு கட்டிக்கொண்ட அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. மருத்துவரின் சான்றோடு சென்று முறையிட்டதும் மாஜிஸ்திரேட் கொதித்துப்போய் முதலாளிக்கு அழைப்பாணை பிறப்பித்தார். ஆனால் ஒப்பந்தத்தில் வந்தவர் தாமாக வேலையை விட்டுப் போனால் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆகவே தண்டனை வாங்கித் தருவதைவிட அவரை விடுவிப்பதையே காந்தி நாடினார். ஒப்பந்தம் வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டது.

பாலசுந்தரத்தின் கதை தோட்டங்களில் பரவிய பிறகே ஒப்பந்தத் தொழிலாளர்கள் காந்தியைத் தேடி வரத் தொடங்கினார்கள். அடுத்த முறை பேரப்பிள்ளைகளோடு போகும்போது, அந்தத் தாழ்வாரத்தில் சற்று நின்று, காந்தியின் பெயரோடு பாலசுந்தரத்தின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.